கடலடியில் குடித்தனம்

கிணற்றில் இறங்கினவன் ஏறி வந்தால்தான் இறங்கியதற்குப் பயன். கடலுக்கும் இந்த நியாயம் பொருந்தும். ஆழ்கடலில் மூழ்குவோர்க்கு இறங்குவதைக் காட்டிலும் ஏறுவதே பெரிய ஆபத்து.

இதற்குக் காரணம் உண்டு. ஆழத்தில் அழுத்தம் அதிகம். அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் வாயு உடலெங்கும் கரைந்துவிடுகிறது. விரைந்து மேலேறினால், திறந்த சோடாப் புட்டியில் நேர்வது போல் அது உள்ளே குமிழிட்டு மூட்டுகளை வருத்தும்; சில சமயம் உயிரையே வாங்கிவிடும். ஆகவே படிப்படியாகத்தான் ஏறவேண்டும். சிறிது நேர வேலைக்கு நெடுநேரக் காத்திருப்பு!

அமெரிக்கக் கடற்படை வைத்தியர் ஜார்ஜ் பாண்ட் 1957 முதல் பிராணிகளையும் பின்னர் மனிதரையும் கொண்டு சோதனைகள் நடத்தினார். ஓர் அளவுக்கு மேல் உடல் வாயுவை ஏற்பதில்லை என்பது உறுதியாயிற்று. துணி ஒரு நாழிகை நீரில் கிடந்தாலும் ஒரு வாரம் கிடந்தாலும் பிழிகிற வேலை ஒன்றே அன்றோ? அவ்வாறே ஆழத்தில் ஒரு நாள் தங்கினாலும் ஒரு மாதம் தங்கினாலும், ஏறிவர ஆகும் காலம் ஒன்றுதான். அப்படியானால் அங்கேயே வீடு கட்டிக்கொண்டால் என்ன?

1962 செப்டம்பரில் பிரான்ஸ் தேசத்து மார்செய் நகருக்கு அருகே, ழாக் கூஸ்தோ ஓர் உருக்கு உருளையை 10 மீட்டர் ஆழத்தில் நிறுத்தினார். ஃபால்கோ, வெஸ்லி என்னும் இருவர் அதில் ஒரு வாரம் வசித்தனர். மறு ஆண்டு சூடான் கரைக்கு அப்பால் செங்கடலில் ஐவர் ஒரு மாதம் குடித்தனமே நடத்தினர். துணைக்கு ஒரு கிளியும் இருந்தது! 1964-ல் பெர்முடாத் தீவருகே, பாண்டின் 'சீலாப்' என்னும் கூடத்தில் நால்வர் சுமார் 58 மீட்டர் ஆழத்தில் 11 நாள் தங்கினர். அவர்கள் சுவாசித்த ஹீலியம் கலந்த காற்றினால் குரல் மாறி, வாத்துக்கள் பேசுவது போலிருந்தது.

சிரிப்புக்கிடமான இம்முயற்சி துயரத்தில் முடிந்தது. 1969 பிப்ரவரியில், 180 மீட்டருக்கும் கீழே நிறுத்திய மூன்றாவது சீலாபில் கசிவு கண்டது. அதைச் சரிசெய்ய இறங்கிய பெர்ரி கானன் உயிர் நீத்தார். கடற்படை அம்முயற்சியைக் கைவிட்டது.

இன்று கடலடி எண்ணெய்க் குழாய்களைப் பழுது பார்ப்போர், கப்பலின் மேல்தளத்திலேயே அழுத்தம் ஏற்றிய அறைகளில் வாரக்கணக்கில் வசிக்கிறார்கள். மணி போன்ற கூண்டில் இறங்கி வேலை செய்து, அவ்வறைக்கே திரும்புகிறார்கள். இறுதியில் ஒரே ஒருமுறைதான் மெல்ல மெல்ல அழுத்தம் தணிக்கிறார்கள். அவர்கள் நலமாக வீடு சேர்வதற்கு, அன்று தம் உடலையே சோதனைக் கூடமாக்கிய சிலரே காரணம். அவர்களை நினைக்கையில், ஏறி வராத கானனையும் சேர்த்து நினைப்பதே முறை என்பது நம் கருத்து.