வலது கண்ணா, இடது கண்ணா?

கண்ணு துடிக்குதா? எந்தக் கண்ணுன்னு முதல்ல சொல்லுங்க. அதுக்கும் முன்னாடி நீங்க ஆணா பெண்ணான்னு சொல்லணும். ஆம்பளைக்கு வலது துடிச்சா நல்லது, பொம்பளைக்கு இடது. மாறித் துடிச்சா வம்பு. நான் படிக்கிறது பி.காம். எங்க பேரேட்டுல யார் எழுதினாலும் பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம்தான். கண்ணிமைக்கு மட்டும் எதுக்கு ரெண்டு கணக்குமுறைன்னு புரியலை :-)

இது நேத்து முளைச்ச நம்பிக்கை இல்லைங்க. சிலப்பதிகாரத்துல இந்திர விழா நடக்கிற இடத்துல கண்ணகிக்கு இடது கண்ணும் மாதவிக்கு வலது கண்ணும் துடிக்குது. விதிப்படி கண்ணகிக்கு நல்ல சகுனம். கோவலன் திரும்பி வந்தான், வாஸ்தவம்தான். அப்புறம் மதுரைக்குப் போய் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த இடது கண்ணு மீதிக் கதையையும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

டாக்டருங்க சொல்ற காரணம் சப்புனு இருக்கும்: தூக்கம் பத்தலை, டென்ஷன், காபி அதிகம். செமஸ்டர் நேரத்துல இந்த மூணுமே உண்டு. அப்போ கண் துடிச்சா அரியர் வரப்போகுதுன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டாலும் பெரிசா தப்பில்லை. (வாரக்கணக்குல நிக்காம துடிச்சாலோ, கன்னமும் வாயும் சேர்ந்து இழுத்தாலோ ஜோசியர்கிட்ட போகாதீங்க, டாக்டரைப் பாருங்க.)

அடுத்தது விக்கல். யாரோ நினைக்கிறாங்களாம். எங்க பக்கம் அம்மாயி, அப்புச்சி, பெரியம்மான்னு ஒவ்வொரு பேரா சொல்லிட்டே வரணும். எந்தப் பேருக்கு விக்கல் நிக்குதோ அவங்கதான் நினைச்சவங்க. டேலி ஆகிற வரைக்கும் என்ட்ரி போடுற மாதிரி! விக்கல் பெரும்பாலும் சில நிமிஷத்துல தானா நின்னுடும், அதனால யாராவது ஒருத்தர் மாட்டிக்குவாங்க. அமெரிக்காவுல சார்லஸ் ஆஸ்போர்ன்னு ஒருத்தருக்கு 1922-ல ஆரம்பிச்ச விக்கல் 1990-லதான் நின்னுது. 68 வருஷம்! அவரை அப்படி விடாம நினைச்சது யாரோ, கடன் குடுத்தவங்களா இருக்கும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. வள்ளுவர் காலத்துல இந்த வேலையைப் பார்த்தது விக்கல் இல்லை, தும்மல். புலவி நுணுக்கம் அதிகாரத்துல கணவன் தும்முறான். மனைவி வாழ்த்துறா. உடனே, யார் நினைச்சதால தும்மினேன்னு கேட்டு அழறா. சரின்னு தும்மலை அடக்கினா, உங்க ஆளு நினைக்கிறதை என்கிட்ட மறைக்கிறீங்களான்னு அதுக்கும் சண்டை. பாவம், மூக்கை வச்சுக்கிட்டு அந்த மனுஷன் என்னதான் செய்வான்? ஆக ஒரு காலத்துல அன்புக்கு அடையாளமா இருந்த தும்மலை, வெளிய கிளம்பும்போது கேட்டா ஆகாதுன்னு நாம கீழ இறக்கிட்டோம். அதுலயும் ஒத்தைத் தும்மல்தான் கெட்டது, ரெட்டைத் தும்மல்னா பரவாயில்லையாம்.

இங்கதான் எனக்குச் சிரிப்பு நிக்குது. என் கண்ணு துடிச்சா, என் உள்ளங்கை அரிச்சா, பலன் எனக்கு, கவலையும் எனக்கு. தும்மல் அப்படி இல்லை. தும்மறது ஒருத்தர், கிளம்பறது இன்னொருத்தர். பொண்ணு பார்க்கப் போற காரியம் கூடலைன்னா, நாலு மாசம் கழிச்சும் "அன்னைக்கே இவ தும்மினா"ன்னு பேச்சு வரும். தும்மினது புருஷனை இழந்த அத்தையா இருந்தா கேக்கவே வேண்டாம். எதிர்ல வரக்கூடாதுன்னு ஏற்கனவே ஓரமா நிக்கிறவங்க, மூக்கையும் பொத்திக்கிட்டு நிக்கணும். அவங்க உடம்புல நடக்கிறதுக்கு நம்ம காரியத்தை எப்படிங்க பில் போடுறது?

ஸ்பின்னிங் மில்லும் பனியன் கம்பெனியும் நிறைஞ்ச ஊருங்க இது. பஞ்சுத் தூசில நாள் முழுக்க நின்னுட்டு வர்றவங்க தும்மாம இருப்பாங்களா?

தும்மல் கேட்டா, கிளம்பறவரை உக்கார வச்சு ஒரு சொம்பு தண்ணி குடுக்கிறது வழக்கம். அடுத்த தடவை அந்தச் சொம்பைத் தும்மினவங்ககிட்ட நீட்டிப் பாருங்க. தொண்டை காயறது அவங்களுக்குத்தானே.