பேதி நின்றும் காய்ச்சல் தணியாத குழந்தை

ஐப்பசி, கார்த்திகை மழை கடலூர், சிதம்பரம் வட்டாரங்களுக்குப் புதிதன்று. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தை மறந்தவர் நம் அங்கத்தினருள் ஒருவரும் இரார். வெள்ளத்தால் குடிநீர் கெட்டால், சிறு குழந்தைகளுக்குப் பேதி காண்பதும் நாம் அறிந்ததே. ஆனால் பேதியோடு சேர்ந்து வரக்கூடிய மற்றொரு நோயைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுவே சிறுநீர்த் தாரையில் கிருமி பற்றும் நோய்.

இந்நோயைப் பெரும்பாலும் விளைவிப்பது குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமி. பேதியாகும் குழந்தையின் உடலிலும் துணியிலும் மலம் அடிக்கடி படுகிறது. பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் மலவாய்க்கு அருகிலிருப்பதோடு தாரையும் குட்டையானது. ஆகவே கிருமி எளிதில் ஏறிவிடும். உடலில் நீர் வற்றிச் சிறுநீர் குறைந்தால், அதனைக் கழுவி வெளியேற்றவும் வழியில்லை. ஒரு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர். சில வேளைகளில், சிறுநீர்க் கிருமியே கைக்குழந்தைகளிடம் வாந்தியும் பேதியுமாகத் தோன்றுவதுண்டு.

பேதி கண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இந்நோய் உண்டென்று நாம் கூறவில்லை. பேதி நின்றும் காய்ச்சல் தணியாவிடினும், சிறுநீர் கழிக்கையில் குழந்தை வீறிட்டழுதாலும், சிறுநீர் துர்நாற்றம் வீசினாலும் தாமதித்தலாகாது. பாவில் அறுந்த இழையை உடனே பிணைக்காவிடில் துணி முழுவதும் குறை ஓடும் அன்றோ? கவனியாது விட்ட கிருமி சிறுநீரகத்தில் வடுவை உண்டாக்கிப் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சிறுநீரகக் கேட்டிற்கும் இடமளிக்கக்கூடும்.

பேதிக்கு முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசலே. 1971-இல் வங்காள தேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதனைக் கொண்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி வரை சிறுகச் சிறுகப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையை வைத்தியர் சொன்னபடி 14 நாட்கள் கொடுத்தல் வேண்டும். பெண் குழந்தைகளை முன்னிருந்து பின்னாகக் கழுவுதல் நலம்.

மருந்துக் கடையில் தாமே கிருமிக்கொல்லி மருந்து வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அம்மருந்து முன்னரே உட்சென்றுவிட்டால் சிறுநீர்ச் சோதனையில் கிருமி அகப்படாமற் போகலாம். பிறப்புறுப்பைக் கழுவியபின், மலம் கலவாமல் சுத்தமான பாத்திரத்தில் பிடித்த சிறுநீரே சோதனைக்கு உகந்தது.

தறியை நிறுத்தினால் கூலி போகும். நடவுக்குச் செல்லாவிடில் அன்றைய அடுப்பு எரியாது. தாய்மார் தாமதிப்பதன் காரணம் அசட்டையன்று, வறுமையே. ஆதலின் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் சுமத்துதல் நியாயமன்று. கிருமி வளர்த்து அறியும் சோதனைக்குச் சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களை நாட வேண்டியிருக்கலாம். எனினும் எளிய சிறுநீர்ச் சோதனையேனும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எந்நாளும் தவறாது நடைபெற வேண்டும். இதனைக் கேட்டுப் பெறுதல் நம் சங்கங்களின் கடமை. மழைக்கு முன்பே ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் கரைசல் பொட்டலங்களை வாங்கி வைக்குமாறும், மருத்துவமனை செல்லும் தாய்க்கு அன்றைய கூலியில் ஒரு பகுதியைப் பொது நல நிதியிலிருந்து அளிக்குமாறும் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

நூலுக்கும் விதைக்கும் ஒன்றுகூடிய நாம், குழந்தைகளுக்காகவும் ஒன்றுகூடுவோமாக.