“வண்டி பழசு” என்பது பதில் ஆகாது

நுகேகொடையில் ஹைலெவல் வீதியோரக் கராஜ் ஒன்றில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். லயத்தில் பிறந்து, வேலை தேடிக் கொழும்புக்கு வந்தவன். கடந்த மாதம் மலையகத் தோட்டமொன்றின் பழைய கெப் வண்டி எங்களிடம் வந்தது. ஓட்டி வந்த அண்ணன் நமது சங்க அங்கத்தவர். அன்றிரவே அவிசாவளை, கினிகத்தேனை வழியாகத் திரும்ப வேண்டும்.

சிக்னல் போட்டால் பின்லைட் எல்லாம் சேர்ந்து மினுங்கியது. பிரேக்கை மிதித்தால் மங்கலாக ஒரு சிவப்பு. ஹெட் லைட்டில் ஒன்று மஞ்சள் பூத்திருந்தது. பொலிஸ் இரண்டு தடவை தண்டம் எழுதியிருக்கிறது. இரண்டும் அண்ணன் பெயரில். தோட்டத்தில் முறையிட்டபோது கிடைத்த பதில்: “வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும்.”

தோழர்களே, அந்தப் பதில் சரியா என்று வண்டியைத் திறந்து பார்த்தோம்.

12 வோல்ட் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைக் கட்டினால் அதுதான் டெஸ்ட் லைட். அதை வைத்துத் தேடியதில் பின்லைட்டின் எர்த் வயர் பிடிக்கும் போல்ட் துருப்பிடித்து உப்பிக் கிடந்தது தெரிந்தது. உர மூட்டை ஏற்றும் பெட்டி அது. சிந்திய எஸ்.ஏ. உரம் மழையில் கரைந்து இரும்பை அரித்திருக்கிறது. எர்த் விட்டுப்போனால் மின்சாரம் பக்கத்துப் பல்ப் வழியாகத் திரும்ப வழி தேடும். அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று மினுங்குகிறது.

முன்னாலும் அதே கோளாறுதான். ஆனால் காரணத்தைத் தேடாமல், வெளிச்சம் போதாதென்று யாரோ 100 வொட் பல்ப் இரண்டைப் போட்டிருந்தார்கள். 55 வொட் பல்ப் இரண்டும் சேர்ந்து சுமார் 9 அம்பியர் இழுக்கும். 100 வொட் என்றால் சுமார் 17. பியூஸோ 15 அம்பியர். அது அடிக்கடி போக, அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். பியூஸ் எரிந்தால் வயர் பிழைக்கும். கம்பியைச் சுற்றினால் வயர்தான் எரியும். ஸ்விட்ச் ஏற்கெனவே உருகத் தொடங்கியிருந்தது.

போல்ட்டுகளைச் சுரண்டித் துப்புரவாக்கி, புது எர்த் வயர் போட்டு, சரியான பல்ப்பும் பியூஸும் ஸ்விட்சும் மாற்றினோம். அரை நாள் வேலை. எல்லாம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் சாமான்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. புது வண்டி வாங்க முடியவில்லை என்று நிர்வாகம் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் போல்ட்டும் பியூஸும் மாற்றப் புது வண்டி தேவையில்லை. வண்டியைக் கெடுத்தது வயது அல்ல, கவனிப்பின்மை.

சம்பளப் பிரச்சினை இருக்கும்போது லைட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். இரவில் வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது இந்த வண்டிதான். பணிய டிவிசனுக்கு ஆள் ஏற்றுவதும் இதுதான். பனிமூட்டத்தில் பின்னால் வரும் லொறிக்கு நமது பிரேக் லைட் தெரியாவிட்டால் என்ன ஆகும்? மறுநாள் “சாரதியின் கவனயீனம்” என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்கு இருக்கிறது. ஆனால் அது கை கால் போன பிறகு பேசும் சட்டம். வாகனம் ஒழுங்கான நிலையில் ஓட வேண்டும் என்பதற்கு 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. முதலில் அதைப் பேசுவோம்.

என் யோசனை மூன்று. ஒவ்வொரு தோட்ட வண்டிக்கும் ஒரு பழுதுப் புத்தகம் இருக்க வேண்டும். சாரதி எழுதுவதற்கு நிர்வாகம் திகதியுடன் கையொப்பமிட வேண்டும். எழுதிக் கொடுத்த பழுதுக்காக வரும் தண்டத்தைத் தோட்டமே கட்ட வேண்டும். லைட் இல்லாத வண்டியை இரவில் எடுக்க மறுத்தவருக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது.

சாரதித் தோழர்களும் ஒன்று செய்ய வேண்டும். பொழுது சாயுமுன் லைட்டைப் போட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எவ்வளவு அவசரமானாலும் பியூஸுக்குப் பதில் கம்பி வைக்காதீர்கள்.

அண்ணன் அன்று இரவு பதினொரு மணிக்கு வீடு சேர்ந்து கோல் எடுத்தார். மாற்றிய சாமான்களின் பட்டியலை எழுதிக் கேட்டார். தோட்டத் தலைவரிடம் கொடுக்கப் போகிறாராம். உங்கள் தோட்டத்து வண்டியின் பழுதுகளையும் அப்படியே எழுதிக் கொடுங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் நமது பிரதிநிதியின் கையில் அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.