இரு கையும் கட்டையில். மடிக்கு யார் காவல்?

ரயிலேறப் போகும் ஜனங்களின் காதில் திரும்பத் திரும்ப விழும் புத்திமதி ஒன்று உண்டு. அவரவர் உடைமையை அவரவரே பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. திருச்சி ஜங்ஷனிலும் இதுதான், சத்திரம் பஸ் நிலையத்திலும் இதுதான், ஸ்ரீரங்கம் கோயில் வாசலிலும் இதுதான். நல்ல புத்திமதி, நாம் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். இரண்டு கைகளும் ஊன்றுகட்டையைப் பிடித்திருக்கும் மனிதன் எந்தக் கையால் தன் மடியைக் காத்துக்கொள்வான்?

இது யாரோ நாலைந்து பேருடைய கேள்வி அல்ல. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி நமது நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். நாடு முழுவதும் நடமாட்டத்தில் குறையுள்ளவர்கள் 54 லட்சத்துக்கு மேல். மொத்தத்தில் பெரும்பாலோர் கிராமவாசிகள். இவர்கள் யார்? ஆலைப் பெல்ட்டில் சிக்கிக் காலை இழந்த தொழிலாளி. கதிரடிக்கும் இயந்திரத்தில் கால் போன விவசாயத் தொழிலாளி. குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கிய நமது சகோதரி. சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்ட கிழவர். நம் குடும்பங்களைச் சேர்ந்தவர்களேதான்.

இவர்களிடம் திருட என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். பணக்காரனின் பெட்டியில் இருப்பது இவர்களிடம் இல்லைதான். ஆனால் ஒரு வாரக் கூலி இருக்கிறது. மாத உதவித் தொகை இருக்கிறது. ஊனத்துக்கான அடையாள அட்டையும், ரயில் சலுகை அட்டையும், செல்போனும் இருக்கின்றன. அந்த அட்டை ஒன்று தொலைந்தால், மறு அட்டை வாங்கும்வரை ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் எத்தனை நடை! நடக்க முடியாதவனை நடக்கவிடும் தண்டனை அது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊன்றுகட்டையும் சக்கர நாற்காலியும் இருக்கின்றன. பணம் போனால் கடன் வாங்கலாம். கட்டை போனால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. ஆகவே இவர்களின் முதல் விலையுயர்ந்த பொருள் அதுதான்.

திருடனுக்குத் துணை எது?

சற்று நிதானமாக யோசித்துப் பார்ப்போம். ஊன்றுகட்டையோடு பிரயாணம் செய்கிறவர் பொருளை இழப்பது பெரும்பாலும் எந்த நேரத்தில்? சமதரையில் நடக்கும்போது பை அவர் தோளில் இருக்கிறது. மடி அவர் இடுப்பில் இருக்கிறது. படி வரும்போதுதான் எல்லாம் கைமாறுகிறது. ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும். ஆகவே ஒரு கட்டையை யாரிடமோ கொடுக்கிறார். பையை இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். மூன்றாமவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார். கைகொடுப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நல்லவர்கள். பத்தாவது ஆள் எவன் என்று ரயில் ஊதும் நேரத்தில் யார் கண்டது?

கணக்கைப் பாருங்கள். உயரமான பிளாட்பாரம் என்று ரயில்வே கட்டுவது தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை. ரயில் பெட்டியின் தளமோ ஏறக்குறைய 1,300 மில்லிமீட்டர். மீதமுள்ள சுமார் ஒன்றரை அடியை ஒற்றைக் காலால் தாண்டு என்றால் எப்படி? இந்த ஒன்றரை அடிதான் திருடனின் கூட்டாளி!

பஸ்ஸிலும் இதே கதை. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் ஊனமுற்றோருக்கும் உடன் வரும் துணையாளுக்கும் இலவசப் பிரயாணம் உண்டு. வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் டிக்கட் இலவசம் என்பதால் படி தாழ்ந்துவிடவில்லையே!

பணம் எடுக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் இரண்டு படி, தானே மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கதவு. சக்கர நாற்காலியில் வந்தவர் என்ன செய்வார்? தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு அட்டையைக் கொடுத்து, ரகசிய எண்ணையும் வாய்விட்டுச் சொல்கிறார். பிறகு பாங்கி என்ன சொல்கிறது? எண்ணைப் பிறரிடம் சொன்னது உங்கள் தவறு என்கிறது. படியை யார் கட்டினார்கள் என்று மட்டும் கேட்பாரில்லை.

கோர்ட்டு சொன்னது என்ன?

2005 ஏப்ரலில் காசி விசுவநாத் எக்ஸ்பிரஸில் டில்லிக்குப் பிரயாணம் செய்த ஒருவர், ஒரு லட்ச ரூபாயை இடுப்புப் பெல்ட்டில் வைத்துக் கட்டியிருந்தார். இரவில் தூங்கும்போது அது களவு போயிற்று. நுகர்வோர் மன்றங்கள் ஜில்லா முதல் தேசிய கமிஷன் வரை, ரயில்வே பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றன. ஆனால் 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. தன் உடைமையைத் தானே காத்துக்கொள்ளாத பிரயாணிக்கு ரயில்வே பொறுப்பாகாது, இது சேவைக் குறைபாடு அல்ல என்று தீர்ப்பாயிற்று. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவும், பிரயாணி தம்மிடமே வைத்திருக்கும் சாமான் போனால், ரயில்வே ஊழியரின் கவனக்குறைவையோ முறைகேட்டையோ நிரூபித்தால்தான் பொறுப்பு என்கிறது.

அந்த வழக்கு ஊன்றுகட்டைக்காரரைப் பற்றியதல்ல. ஆனால் நமக்கு அதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, போன பணம் திரும்பும் என்று நம்பியிருக்க முடியாது, முன்ஜாக்கிரதைதான் காப்பு. இரண்டு, இரண்டு கையும் கட்டையில் மாட்டியிருப்பவரிடமும் இதே நியாயத்தைச் சொன்னால் அது நியாயமாகுமா? காத்துக்கொள்ளும் வசதியைப் பறித்துவிட்டு, காத்துக்கொள்ளவில்லையே என்று கேட்பது எந்த ஊர் நீதி?

நாமே செய்துகொள்ளக் கூடியவை

உரிமை கிடைக்கும்வரை களவு காத்திருக்காது. ஆகவே இன்றே செய்யக் கூடியவற்றைச் சொல்கிறோம்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வழிச் செலவுக்கான சில்லறை மேல் பையில் இருக்கட்டும். பெருந்தொகை சட்டைக்கு உள்பக்கம் தைத்த பையில் இருக்கட்டும். பெண்கள் இடுப்பில் செருகும் சுருக்குப் பையைக் கயிற்றால் பாவாடை நாடாவோடு இணைத்துக் கட்டுவது நல்லது.

கட்டையின் கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். நடையும் தடுமாறும், கட்டையைச் சாய்த்து வைத்ததும் பையும் போய்விடும். சக்கர நாற்காலியின் முதுகில் பை தொங்கவிடுவதும் அப்படியே. அங்கே நமக்குக் கண் இல்லை. பையைக் குறுக்காக மாட்டி மார்புப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏறும் நேரத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். பை உடம்போடு இருக்கட்டும். அதை யாரிடமும் கொடுக்க வேண்டாம். கட்டையைத்தான் கொடுத்தாக வேண்டுமென்றால், பெட்டிக்குள்ளே உட்கார்ந்திருக்கும் பிரயாணியிடம் கொடுங்கள். பிளாட்பாரத்தில் நிற்பவரிடம் வேண்டாம். உள்ளே இருப்பவர் உங்களோடு வருகிறவர். வெளியே நிற்பவர் ரயில் நகர்ந்தால் அங்கேயே நின்றுவிடுவார், கட்டையும் நின்றுவிடும்.

இரவுப் பிரயாணத்தில் கட்டையைச் சிறு சங்கிலியால் படுக்கையின் காலோடு பூட்டி வையுங்கள். மடக்கும் நாற்காலியைக் கதவோரம் வைக்க நேர்ந்தால் அதையும் பூட்டுங்கள். சாயத்தால் ஓர் அடையாளம் போட்டு வைப்பதும் உதவும். அட்டைகளின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

துணையின்றிப் பிரயாணம் செய்ய முடியாத கால் ஊனமுற்றோருக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவிகிதக் கட்டணச் சலுகை உண்டு; துணையாளுக்கும் அதே சலுகை. பலர் காசை மிச்சம் பிடிக்கத் தனியே போகிறார்கள். துணையாள் என்பது ஆடம்பரம் அல்ல. அவர் நம்முடைய மூன்றாவது கை.

மகனைப் பார்க்க வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ திருச்சி விமான நிலையம் வழியாகப் போகும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நாற்காலியில் இருப்பவரைத் தனியே நிறுத்திச் சோதிப்பார்கள். அதற்குள் பை இயந்திரத்தின் மறுபக்கம் போய்க் கேட்பாரின்றிக் கிடக்கும். உங்கள் முறை வந்த பிறகு பையை அனுப்பச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

களவு போய்விட்டால் ரயிலை விட்டு இறங்க வேண்டியதில்லை. டிக்கட் பரிசோதகரிடமோ, கார்டிடமோ, உடன் வரும் போலீஸாரிடமோ அங்கேயே புகார் எழுதிக் கொடுக்கலாம். 139 என்ற எண்ணுக்கும் சொல்லலாம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எல்லை எதுவாயினும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். டிக்கட் இல்லாதவர்கள் பெட்டியில் ஏறியிருந்தால் அதையும் எழுதுங்கள். நாளை கவனக்குறைவை நிரூபிக்க அந்த ஒரு வரி உதவும்.

ஸ்ரீரங்கத்துக் கூட்ட நாட்கள்

வைகுண்ட ஏகாதசிக்கும் ஆடிப் பெருக்குக்கும் ஸ்ரீரங்கத்தில் கூடும் கூட்டத்தை நாம் அறிவோம். பூக்காரியும், சுமை தூக்குபவரும், தரிசனத்துக்கு வரும் விவசாயியும் அதில் உண்டு. ஏழு பிராகாரங்கள் கொண்ட அந்தக் கோயிலில் எத்தனை வாசல், எத்தனை நிலைப்படி! அம்மா மண்டபத்தில் குளிப்பவரின் கட்டையும் துணிமூட்டையும் படித்துறையில் கிடக்கும். இருவராகப் போய் ஒருவர் குளிக்க ஒருவர் காவலிருப்பதே வழி. வெளியூர்க்காரர்கள் கனத்த பையோடு தீவுக்குள் வருவதைவிட, ஸ்டேஷனில் சாமான் அறை இருந்தால், பையைப் பூட்டி அங்கே வைத்து ரசீது வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வருவது மேல். சொந்த நாற்காலியை வாசலில் விட்டு வேறு நாற்காலியில் ஏறச் சொல்லும் இடம் எதுவானாலும், விட்ட நாற்காலிக்குச் சீட்டு கேளுங்கள். செருப்புக்குச் சீட்டு உண்டு. மனிதனின் காலுக்குச் சீட்டு இல்லையா?

சட்டம் இருக்கிறது, கையில் எடுப்போம்

2016-ம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம், வாகனம் அனைத்தும் இவர்கள் பயன்படுத்தக் கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 41-வது பிரிவு. ஊனமுற்றவரின் உதவிக் கருவியை வேண்டுமென்றே சேதப்படுத்துவோருக்கும், அதை அவர் பயன்படுத்தவிடாமல் தடுப்போருக்கும் 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது 92-வது பிரிவு. கட்டையைப் பறித்து விளையாடுகிறவன் இதைத் தெரிந்துகொள்ளட்டும்! 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வெறும் சிபாரிசுகளாக இருந்த விதிகள் போதாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. சென்னையில் ஊனமுற்றோர் ஹைகோர்ட்டு வரை போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. தானாக வந்ததா அது? கேட்டதால் வந்தது.

2010-ல் தமிழ்நாட்டில் இவர்களுக்கு மாற்றுத் திறனாளிகள் என்று சர்க்கார் பெயர் மாற்றியது. மரியாதையான பெயர்தான். பெயரை மாற்ற ஓர் உத்தரவு போதும். படியை மாற்றப் பணமும் மனமும் வேண்டும்.

எனவே நாம் கேட்பது இவை: திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடும் ஒவ்வொரு நகரப் பஸ்ஸும் தாழ்தளப் பஸ்ஸாக வேண்டும். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள அந்த ஒன்றரை அடிக்குச் சாய்வுப் பலகை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தயாராக இருக்க வேண்டும். ரயிலின் கோடியில் இருக்கும் ஊனமுற்றோர் பெட்டியை மற்றவர்கள் அடைத்துக்கொள்வதை, ரயில்வே சட்டம் 155-வது பிரிவின்படி தடுக்க வேண்டும். பாங்கி வாசல்களில் படிக்குப் பதில் சரிவு வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருக்கலாமா? அந்தப் பெட்டியில் ஏறி உட்காருபவர்களில் நமது ஆட்களும் உண்டு, அவர்கள் எழுந்திருக்கட்டும். ஆலை வாசலில் யூனியன் கொடி கட்டும் தோழர்கள், காலிழந்த சகதொழிலாளி நஷ்ட ஈட்டுப் பணம் வாங்கப் போகும் நாளில் ஒருவராவது உடன் போகட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள், உதவித் தொகை எடுக்கும் நாளில் பாங்கிக்குப் போகத் துணைக்கு ஆள் குறித்து வைக்கட்டும்.

படி தாழும்வரை தோழனின் கைதான் காவல். படியைத் தாழ்த்தவும் அதே கைகள் சேர்ந்துதான் மகஜர் எழுத வேண்டும். இந்த வாரமே தொடங்குங்கள்!