இரண்டு ஏடுகள், ஓர் உண்மை

தேனி மாவட்டத்திலிருந்து கம்பம்மெட்டு வழியே மலையேறினால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் எல்லைக்கு இருபுறமும் கொண்டும் கொடுத்தும் வாழும் தமிழ்க் குடும்பங்கள். வீடு மாறியவரின் பெயர் புதிய வாக்காளர் ஏட்டில் ஏறுகிறது; பழைய ஏட்டிலிருந்து நீங்க மறுக்கிறது. ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே பதிவு பெறலாம் என்பது 1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். தேர்தல் வந்ததும் ‘இரட்டை வாக்கு’ என்ற கூக்குரல் எழுகிறது. 2021 இலும் எழுந்தது. குற்றம் யாருடையது? ஏலக்காய் பறிப்பவருடையதா? அன்று! ஏடுகளைக் காலத்தே ஒத்துப் பார்க்காத சோம்பலே முதற்குற்றவாளி என்பேன்.

கணிப்பொறி பயிலும் நான் இதே நோயைத் தரவுத்தளங்களிலும் காண்கிறேன். ஒரே தரவின் படிகளைப் பல நகரத் தரவு மையங்களில் வைப்பது இன்றைய வழக்கம். அவினாஷ் லட்சுமண், பிரசாந்த் மாலிக் இருவரும் உருவாக்க, பேஸ்புக் நிறுவனம் 2008 இல் உலகுக்குத் திறந்துவிட்ட காசாண்ட்ரா அத்தகையது. ஒரு மையம் இருண்டாலும் மற்றது பணிசெய்யும். ஆனால், இருண்ட வேளையில் வந்த செய்திகள்? மற்றப் பொறிகள் குறித்து வைத்திருந்து பின்னர்க் கொடுக்கும். அதுவும் வழக்கமான அமைப்பில் 3 மணி நேரச் செய்திகளே. எஞ்சியவை தவறும்.

அங்கேதான் செப்பனிடுதல் வேண்டும். ஒவ்வொரு பொறியும் தன் தரவுகளைச் சிறு முத்திரை எண்களாகச் சுருக்கி, மெர்கில் மரம் என்னும் அடுக்காகக் கட்டுகிறது. உச்சி எண்கள் ஒத்தால் படிகளும் ஒத்தவை. ஒவ்வாவிடில் கிளை கிளையாக இறங்கி, மாறுபட்ட பகுதியை மட்டும் பரிமாறிக்கொள்ளும்.

தள்ளிப்போட்டால் என்ன கேடு? அழித்த பதிவு உடனே மறைவதில்லை; ‘இது அழிந்தது’ என்று ஒரு கல்லறைக்கல் நடப்படுகிறது. வழக்கமான அமைப்பில் 10 நாள் கழிந்தபின் அக்கல்லும் அகற்றப்படும். அதற்குள் செய்தி எட்டாத மையமோ, தன் பழைய பதிவை உயிருள்ளதென எண்ணி எல்லோருக்கும் வழங்கும். செத்தது பிழைத்தெழும்! ஆதலின் அக்காலத்துக்குள் ஒவ்வொரு பொறியும் செப்பனிடப்பட வேண்டும்.

“செப்பனிட்டால் வேகம் குறையுமே” என்பார் உளர். உண்மைதான். தரவைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, கூட்டம் குறைந்த வேளையில் செய்யட்டும். “எங்கள் மையத்தை மட்டும் பார்த்துக்கொண்டோம்” என்பது மட்டும் ஆகாது. தன் வீட்டுக் கணக்கைத் தானே கூட்டிப் பார்ப்பவன் அண்டை வீட்டுக் கணக்கோடு ஒத்துப்போனதாகச் சொல்ல முடியுமா?

ஓர் எச்சரிக்கை. இரு படிகள் முரண்பட்டால் காசாண்ட்ரா பிந்திய நேரமுத்திரை உடையதையே மெய்யெனக் கொள்ளும். கடிகாரம் பிழைத்தால் பொய்யே வெல்லும்! பொறிக்கு வேறு வழியில்லை, மனிதருக்கு உண்டு. அவர்களைக் கேட்கலாம்.

ஆகவே எல்லை மாவட்ட அலுவலகங்கள் தேர்தலுக்குக் காத்திராமல் ஆண்டுதோறும் பட்டியல்களை ஒத்துப் பார்க்கட்டும். உரியவரைத் தமிழிலும் மலையாளத்திலும் கேட்ட பின்னரே பெயரை நீக்கட்டும். கேளாமல் நீக்கினால் இரு ஏட்டிலும் இல்லாத குடிமகன் ஒருவன் உருவாவான். அவனை எந்தச் செப்பனிடுதலும் மீட்டுத் தராது. ஒத்துப் பார்ப்பதற்கு எங்கேனும் ஒரு படியாவது மிஞ்சியிருக்க வேண்டும் அன்றோ?