மாடி வீட்டுச் சப்தம்

சுவருக்கும் காது உண்டு என்று நம் பெரியோர்கள் எச்சரித்தார்கள். அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய பிறகு, சுவருக்கு வாயும் உண்டு என்பதை நாம் கண்டுகொண்டோம். பழைய சென்னையின் ஒண்டுக் குடித்தனங்களில் சண்டை குழாயடியில் நடந்தது. இப்போது குழாய் சுவரோடு சுவராகப் போய்விட்டது. சண்டை மட்டும் வெளியே நிற்கிறது.

நாம் அறிந்த கட்டிடம் ஒன்றில் தரைத் தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும் உண்டு. அங்கே தினம் இரவு 11 மணி சுமாருக்கும், விடியற்காலையில் ஒருமுறையும், 'தொம்' என்று ஒரு சப்தம் எழுந்துகொண்டிருந்தது. முதல் மாடியில் அம்மிக் குழவியை உருட்டுகிறார்கள் என்றனர் கீழ் வீட்டார். முதல் மாடிக்காரர் இரண்டாம் மாடிக் குழந்தைகளின் மேல் பழி சொன்னார். இரண்டாம் மாடியாரோ மூன்றாம் மாடியில் தனியே வசிக்கும் வயோதிக அம்மாளின் ஊன்றுகோலைச் சுட்டிக் காட்டினார்கள். அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. தொட்டியோடு யார் வழக்காட முடியும்? வழக்கு அம்மாளோடு நின்றுவிட்டது.

அந்த அம்மாள் எதிர்வாதம் செய்யவில்லை. ஊன்றுகோலின் நுனியில் பழந்துணியைச் சுற்றிக் கொண்டார். இரவில் தாகம் எடுத்தாலும் எழுந்து நடப்பதை நிறுத்திவிட்டார். சப்தம் மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் கல்லூரி மாணவர் ஒருவர் தலையிட்டார். ஒரு வார காலம் சப்தம் கேட்ட நேரத்தையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். பிறகு ஓர் இரவு ஒவ்வொரு தளத்தின் மாடிப்படியிலும் ஒருவரை நிறுத்தினார். தாம் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டார். விசித்திரம் என்னவென்றால், சப்தம் எல்லோரையும்விடத் தரைத் தளத்தில் நின்றவருக்கே பலமாகக் கேட்டது! மேல் தொட்டி நிரம்பி, மோட்டார் தானாக நின்ற அதே விநாடியில் கேட்டது.

காரணம் இதுதான். மோட்டார் நின்றதும், மேலேறிக் கொண்டிருந்த தண்ணீர் தயங்கிப் பின்வாங்குகிறது. அது திரும்பி வராமல் தடுக்கும் வால்வின் கதவு சற்றுத் தாமதித்துச் சாத்திக்கொண்டால், இறங்கி வரும் தண்ணீர் அதன்மேல் சம்மட்டி போல் மோதுகிறது. நிகோலாய் ஜுகோவ்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி 1897-98-ல் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் பரிசோதனைகள் நடத்தி இந்த மோதலுக்குக் கணக்கு வகுத்தார். உலோகக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், 100 மீட்டருக்கு மேல் உயரமுள்ள நீர்த் தம்பத்தின் அழுத்தம் அங்கே எழுகிறதாம். குழாயைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகள் அந்த அதிர்ச்சியைச் சுவருக்குக் கொடுக்கின்றன. சுவர் தளத்துக்குக் கொடுக்கிறது. தளம் முழுவதும் முரசுத் தோல் போல் அதிரும்போது, கீழே படுத்திருப்பவருடைய காது தலைக்கு மேல் யாரோ எதையோ போட்டதாகவே முடிவு கட்டுகிறது.

பரிகாரமும் பெரிதல்ல. தண்ணீர் திரும்புமுன்பே மூடிக்கொள்ளும் வில் வைத்த வால்வு ஒன்று மாட்டினார்கள். குழாய்க்கும் பட்டைக்கும் நடுவே ரப்பர் கொடுத்தார்கள். அன்றிரவு கட்டிடம் முழுவதும் நிம்மதியாகத் தூங்கியது.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: நள்ளிரவில் மேலே சப்தம் கேட்டால், உடனே படியேறிக் கதவைத் தட்டாதீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மோட்டார் ஓடுகிறதா, நின்றதா என்று கவனியுங்கள். மேல் வீட்டாரும் விழித்துக்கொண்டு அதே சப்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் அல்லவா?

வால்வைக் கம்மியர் ஒருவர் அரை நாளில் மாற்றிவிட்டார். ஆனால் அந்த அம்மாளின் ஊன்றுகோலில் சுற்றிய துணி இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அவிழ்த்துவிடும்படி அவரிடம் சொல்ல, கீழ் வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் இனிமேல்தான் மாடி ஏறிப் போக வேண்டும்.