மாணவர் வரட்டும், மாத்திரையும் வரட்டும்!

ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பணக்காரர் வியாதி என்ற காலம் மலையேறிவிட்டது. அழகர்கோவில் பக்கம் நாற்று நடும் பெண்ணுக்கும், மதுரை ஆலைத் தொழிலாளிக்கும் இன்று அவை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மாத்திரையை விட்டால் பக்கவாதம்.

மருத்துவ மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டுமென்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் விதித்தது. வரவேற்கிறோம். ஆனால் மாணவர் படிப்பு முடிந்து போவார். நோய் ஆயுளுக்கும் நிற்கும்.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை தருகிறது. மாணவர் கண்டறியும் நோயாளி உடனே அதில் சேர்க்கப்பட வேண்டும். மாத்திரை ஒரு மாதமும் தவறக்கூடாது. வீடு வீடாக நடக்கும் பெண் ஊழியருக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும்.

தோழர்களே! இது உழைப்பவர் உரிமை. கிராம சபையில் எழுந்து கேளுங்கள்!